கார் மூக்கில் தொங்கும் வயர்... கனடா குளிரில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது பிளக்கா, டைமரா?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதக் காலையில் எந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாலும் ஒரு காட்சி கண்ணில் படும். வரிசையாக நிற்கும் கார்களின் முன்பக்க கிரில்லிலிருந்து சின்னதாக ஒரு வயர் வெளியே தொங்கும். நுனியில் மூன்று பின் பிளக். சில கார்களில் அந்த பிளக் பக்கத்திலுள்ள மின்கம்பத்தில் செருகப்பட்டிருக்கும்.

முதல்முறை பார்ப்பவர்கள், "இந்த ஊரில் எல்லாமே எலெக்ட்ரிக் காரா?" என்று நினைப்பது சகஜம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் வண்டிகள்தான். அந்த வயர் பேட்டரிக்குப் போவதில்லை. நேராக இன்ஜினுக்குப் போகிறது. அதன் பெயர் இன்ஜின் பிளாக் ஹீட்டர். காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன்பே இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி வைக்கும் கருவி.

கனடாவில் தமிழர்கள் அதிகம் வாழ்வது டொரன்டோவிலும் அதைச் சுற்றியும்தான். அங்கே ஜனவரி இரவுகளின் சராசரிக் குளிர் மைனஸ் 7 முதல் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை. அதனால் பல ஆண்டுகளாக அங்கே கார் ஓட்டியவர்களுக்குக்கூட பிளாக் ஹீட்டர் தேவைப்பட்டிருக்காது. வீட்டு விலையும் வாடகையும் தாங்காமலோ, வேலை, படிப்பு கிடைத்தோ வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் குடிபெயர்பவர்களுக்குத்தான் இது புதுப் பாடம். வின்னிபெக்கில் ஜனவரி இரவின் சராசரியே மைனஸ் 21 டிகிரி. மைனஸ் 30-ஐத் தொடும் இரவுகளும் உண்டு.

"பிளக்கைச் செருகினால் பெட்ரோல் மிச்சமாகும்" என்று அங்கே பக்கத்து வீட்டுக்காரர் முதல் மெக்கானிக் வரை எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எத்தனை மணி நேரம் செருகி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, பெட்ரோலில் மிச்சமான காசு பையில் தங்கலாம். அல்லது அப்படியே கரன்ட் பில்லுக்குப் போய்விடலாம்.

குளிரில் இன்ஜினுக்கு என்ன ஆகிறது?

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். இன்ஜின் ஆயில் அவ்வளவு சீக்கிரம் உறையாது. ஆனால் குளிர ஆரம்பித்தால் அதுவும் தேன்போலக் கெட்டியாகும். அந்தக் கெட்டியான ஆயிலுக்குள் பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்ட்டும் அசைய வேண்டும். அதற்கு அதிக பலம் வேண்டும். அந்த பலம் பெட்ரோலிலிருந்துதான் வரவேண்டும்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள 'டபிள்யூ' என்பது 'விண்டர்', அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு கடுங்குளிரிலும் அந்த ஆயில் இளகி ஓடும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதித்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். நம்மூரில் விற்கும் 20டபிள்யூ ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15-லேயே முடிந்துவிடும். அதனால்தான் கனடாவில் 0டபிள்யூ, 5டபிள்யூ ஆயில்கள் அதிகம் புழங்குகின்றன.

அடுத்த சிக்கல் பெட்ரோல். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். உறைந்துபோன இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட, காரின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலைத் தெளிக்கும். அதில் ஒரு பகுதி சரியாக எரியாமல் புகையோடு வெளியே போகும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற கருவியும் 250, 300 டிகிரி வரை சூடானால்தான் வேலை செய்யத் தொடங்கும். ஆக, முதல் சில நிமிடங்களில் பெட்ரோலும் வீண், காற்றும் மாசு.

போதாக்குறைக்கு பேட்டரி. குளிரில் அதன் பலம் பெருமளவு குறைந்துவிடும். இன்ஜினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும் அதே நேரத்தில் பேட்டரி சோர்ந்து கிடக்கும். காலை 7 மணி வேலைக்குக் கிளம்பும்போது 'டக் டக்' என்று மட்டும் சத்தம் வருவது இதனால்தான்.

சின்னப் பயணம்தான் பெரிய செலவு

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல்கள் ஒரு கணக்கைச் சொல்கின்றன. 25 டிகிரி வெப்பநிலையில் நகருக்குள் ஓடும் பெட்ரோல் கார், மைனஸ் 7 டிகிரியில் ஓடும்போது மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. 5, 6 கிலோமீட்டர் மட்டுமே போகும் குறும்பயணம் என்றால் 24 சதவீதம் வரை குறையலாம். ஹைபிரிட் கார்களில் இந்தச் சரிவு இன்னும் அதிகம். 30 சதவீதத்தைத் தாண்டும்.

காரணம் எளிது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரைதான் அதிகம் குடிக்கும். 100 கிலோமீட்டர் போகும் வண்டிக்கு அந்த முதல் 10 நிமிடம் பெரிய விஷயமில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகும் அம்மாவின் கார், சூடேறி முடிக்கும்போதே போய்ச் சேரும் இடம் வந்துவிடும். மாலையில் மீண்டும் உறைந்த இன்ஜின், மீண்டும் அதே செலவு. நகருக்குள் ஓடும் குடும்பக் கார்களில் பலவும் இப்படிப்பட்ட சின்னப் பயணங்களில்தான் பெட்ரோலைக் கரைக்கின்றன.

வயருக்குப் பின்னால் இருப்பது என்ன?

1940-களில் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இருந்தார். கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவு அமைப்பில் பணியாற்றியவர். குளிரில் கார் கிளம்பாத தொல்லைக்கு மின்சாரத்தாலேயே தீர்வு தேடினார். இன்ஜினின் தலைப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சூடாகும் போல்ட் ஒன்றைப் பொருத்தினார். 1949-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இன்று பரவலாக இருப்பது கொஞ்சம் வேறு வகை. இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான சிறு துளைகள் இருக்கும். அவற்றை உலோக மூடியால் அடைத்திருப்பார்கள். அந்த மூடிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அங்கே ஹீட்டரைச் செருகிவிடுவார்கள். அதன் காயில், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தில் மூழ்கியிருக்கும். வாளித் தண்ணீரில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியை நினைத்துக்கொண்டால் போதும், அதே சமாச்சாரம்தான். சூடான கூலன்ட் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அப்படியே இன்ஜின் முழுக்க மெல்லச் சூடு பரவும்.

சாதாரணக் கார்களில் இது எடுக்கும் மின்சாரம் பெரும்பாலும் 400 முதல் 600 வாட் வரை. கிட்டத்தட்ட நம் வீட்டு மிக்ஸி அளவு. பெரிய டீசல் லாரிகளில் 1,000 வாட்டுக்கும் மேலே போகும். ரேடியேட்டர் குழாயில் பொருத்துவது, ஆயில் தொட்டியின் அடியில் ஒட்டும் சூட்டுப் பட்டை என்று வேறு வகைகளும் உண்டு. எந்தக் காருக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் காரின் தயாரிப்பாளர் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதனால் உடனடியாகக் கிடைக்கும் லாபங்கள் மூன்று. ஒன்று, இன்ஜின் சட்டென்று கிளம்பும். இரண்டு, ஆயில் சீக்கிரம் எல்லா இடத்துக்கும் போவதால் தேய்மானம் குறையும். மூன்று, காருக்குள் வெந்நீர்ச் சூட்டில் வரும் காற்று சீக்கிரம் கிடைக்கும். கண்ணாடியில் படிந்த பனி விரைவாக உருகும்.

சரி, பெட்ரோல் எவ்வளவு மிச்சம்?

கனடா அரசின் இயற்கை வளத் துறை தரும் கணக்கு இது. குளிர்காலத்தில் பிளாக் ஹீட்டர் பயன்படுத்தினால் மொத்த எரிபொருள் சிக்கனம் 10 சதவீதம் வரை கூடலாம். மைனஸ் 25 டிகிரியில் ஒரே ஒரு குறும்பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிச்சம் 25 சதவீதம் வரைகூட இருக்கலாம்.

இதில் 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எல்லாக் காருக்கும், எல்லா நாளும் 10 சதவீதம் கிடைத்துவிடாது. மைனஸ் 5 டிகிரியில் பலன் மிகச் சொற்பம். நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கும் பலன் குறைவு. மைனஸ் 15 டிகிரியும் அதற்குக் கீழும் இருக்கும் நாள்களில், சின்னச் சின்னப் பயணம் போகிறவருக்குத்தான் இது கைகொடுக்கும்.

குளிரில் மைலேஜ் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. குளிரக் குளிர டயரில் காற்றழுத்தம் குறையும், ஏறக்குறைய 5.5 டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதைக் கிழித்துக்கொண்டு போக அதிக பலம் வேண்டும். கியர் பாக்ஸ், சக்கர பேரிங் எல்லாவற்றிலும் உள்ள கிரீஸும் ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். இவற்றையெல்லாம் பிளாக் ஹீட்டர் சரிசெய்யாது. டயரில் காற்று சரிபார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வேலைதான்.

ராத்திரி முழுக்கச் செருகினால் என்ன ஆகும்?

இங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். வேலை முடிந்து மாலை 6 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் செருகிவிட்டு, காலை 7 மணிக்குக் கழற்றுவது வழக்கமாகிவிடுகிறது. ஆனால் மாலையில் வந்து நிற்கும் கார் ஏற்கெனவே கொதிக்கும் சூட்டில் இருக்கிறது. அதைச் சூடாக்க மின்சாரம் எதற்கு?

அது மட்டுமல்ல. ஹீட்டர் இன்ஜினைச் சூடாக்கச் சூடாக்க, இன்ஜினும் வெளியிலுள்ள குளிரிடம் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் குழாயைத் திறந்துவிட்ட கதைதான். குடம் ஓரளவு நிறையும். அதன் பிறகு வருகிற தண்ணீரும் ஒழுகுகிற தண்ணீரும் சமமாகிவிடும். அதேபோல, சில மணி நேரத்தில் இன்ஜின் அடையக்கூடிய சூட்டை ஏறக்குறைய அடைந்துவிடும். அதற்கு மேல் எரிவதெல்லாம் தெருவைச் சூடாக்கத்தான்.

கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு செருகினாலே பெரும்பாலும் போதும் என்கிறது கனடா அரசு. கடுங்குளிரிலும், பெரிய இன்ஜினுக்கும் மூன்று, நான்கு மணி நேரம் வரை போகலாம்.

இதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஒரு குடும்பம் குளிர்காலத்தில் வாரம் 40 லிட்டர் பெட்ரோல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 1.40 டாலர். மின்சாரம் யூனிட் 10 சென்ட். ஹீட்டர் 400 வாட். பெட்ரோலில் 10 சதவீதம் வேண்டாம், பாதியாக 5 சதவீதம் மட்டுமே மிச்சம் என்று எடுத்துக்கொள்வோம்.

வாரத்துக்கு மிச்சமாகும் பெட்ரோல் 2 லிட்டர். அதாவது 2.80 டாலர்.

தினமும் 3 மணி நேரம் செருகினால் வாரத்துக்கு 8.4 யூனிட், செலவு 84 சென்ட். கையில் நிற்பது 1.96 டாலர்.

தினமும் 10 மணி நேரம் செருகினால் வாரத்துக்கு 28 யூனிட், செலவு 2.80 டாலர். கையில் நிற்பது பூஜ்யம்.

அதே கார், அதே ஹீட்டர், அதே குளிர். மாறியது நேரம் மட்டும்தான். மின்சார விலை இதைவிட அதிகமுள்ள மாகாணம் என்றால், ராத்திரி முழுக்கச் செருகுபவருக்கு நஷ்டமே வரும்.

இதற்காக விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, கோட் மாட்டிக்கொண்டு வெளியே போய் பிளக் செருக வேண்டியதில்லை. கடைகளில் வெளிப்புற டைமர் கிடைக்கிறது. 7 மணிக்குக் கிளம்புபவர் 4 மணிக்கு வைத்துவிட்டால், அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபின்லாந்து, சுவீடன் நாடுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் மின்கம்பங்களிலேயே டைமர் பொருத்தியிருப்பது சாதாரணம். கனடாவிலும் பல அலுவலக நிறுத்துமிடங்களில் குளிரின் அளவைப் பொறுத்து மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் ஏற்பாடு உண்டு. பிளக் செருகியும் சில நிமிடம் கரன்ட் இல்லையே என்று பதற வேண்டாம்.

இன்னொன்று. வானிலை ஆப்பில் 'மைனஸ் 40 போல உணரப்படும்' என்று வரும். அது காற்றடிப்பதால் மனிதத் தோலுக்குத் தெரியும் குளிர். இன்ஜினுக்கு அந்தக் கணக்கு கிடையாது. காற்றடித்தால் இன்ஜின் சீக்கிரம் ஆறும், ஆனால் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. எனவே டைமர் நேரத்தைத் தீர்மானிக்க உண்மையான வெப்பநிலையைப் பார்த்தால் போதும்.

நிற்க வைத்தே சூடாக்குவது எவ்வளவு செலவு?

பிளாக் ஹீட்டர் இல்லாதவர்கள் செய்வது, காரை ஸ்டார்ட் செய்து 15, 20 நிமிடம் அப்படியே ஓடவிடுவது. ரிமோட் ஸ்டார்ட் வந்த பிறகு வீட்டுக்குள் காபி குடித்துக்கொண்டே இதைச் செய்ய முடிகிறது. ஆனால் 3 லிட்டர் இன்ஜின் கொண்ட வண்டி 10 நிமிடம் சும்மா நின்று ஓடினால் சுமார் 300 மில்லி பெட்ரோல் போய்விடும் என்கிறது கனடா அரசின் கணக்கு. தினமும் 20 நிமிடம் என்றால் ஐந்து நாளில் 3 லிட்டர். அப்போதும் இன்ஜின் மட்டும்தான் சூடாகும். டயரும் கியர் பாக்ஸும் பேரிங்கும் வண்டி ஓடினால்தான் சூடாகும்.

இன்றைய கார்களுக்கு ஸ்டார்ட் செய்தபின் அரை நிமிடம் போதும். கண்ணாடியிலுள்ள பனியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டர் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்தி ஓட்டினால், நின்று ஓடுவதைவிடச் சீக்கிரம் இன்ஜின் சூடாகிவிடும்.

காசைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கேரேஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்கக் கூடாது. கேரேஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டுக்குள் கசிந்தால் தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இந்த வாயு அதிகமாக வெளிவரும். பனி கொட்டிய பிறகு வெளியே நிற்கும் காரிலும், பின்னாலுள்ள புகைக் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். குறிப்பாக, குழந்தைகளைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டு வெளியே பனி அள்ளும் பெற்றோர்கள் இதை மறக்கவே கூடாது.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் குளிர்காலக் காற்றில் கார்பன் மோனாக்ஸைடு சேர்வது பெரிய பிரச்னையாக இருந்தது. அங்கே வெப்பநிலை 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 7 செல்சியஸுக்கு இறங்கினாலே ஹீட்டரைச் செருகுங்கள் என்று பிரசாரமே செய்தார்கள். அங்கே நோக்கம் பெட்ரோல் சிக்கனம் மட்டுமல்ல, ஊர்க் காற்றும்தான்.

முதல் குளிர்காலத்துக்கு முன்...

டொரன்டோ பக்கம் வாங்கிய காரோடு மேற்கே குடிபெயர்பவர்கள், அக்டோபர் மாதத்துக்குள் செய்துவிட வேண்டிய வேலைகள் சில.

காரில் ஹீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கு மாகாணங்களில் விற்ற கார்களில் பெரும்பாலும் இருக்கும். மற்ற இடங்களில் வாங்கியவற்றில் இல்லாமலிருக்கலாம். சில கார்களில் வயர் பானெட்டுக்குள்ளேயே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும்.

இருந்தால், வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். எவ்வளவு வாட் எடுக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டரை இடையில் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் ஹீட்டரோ, வயரோ போய்விட்டது என்று அர்த்தம். மைனஸ் 30 வந்த பிறகு கண்டுபிடித்தால், அன்று மெக்கானிக் கடையில் நீண்ட வரிசை இருக்கும்.

கூலன்ட் அளவையும் கலவையையும் சரிபாருங்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலன்ட் குறைவாக இருந்து ஹீட்டர் காயில் வெறுமனே சூடானால், அது எரிந்துபோகும்.

எக்ஸ்டென்ஷன் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிப்புறத்துக்கென்று தயாரித்த, எர்த் உள்ள மூன்று பின் தடித்த வயர் வேண்டும். வீட்டுக்குள் டேபிள் லேம்ப்புக்குப் போடும் மெல்லிய வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். சாதாரண பிளாஸ்டிக் உறை கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். வெடிப்பு, கருகிய பின், தளர்ந்த இணைப்பு ஏதாவது தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். வயர் பனிக் குவியலிலோ தேங்கிய நீரிலோ கிடக்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றாமல் வண்டியை எடுத்து வயரை இழுத்துக்கொண்டே போவது அங்கே அடிக்கடி நடக்கும் வேடிக்கை. வேடிக்கையோடு சாக்கெட்டும் பிய்ந்துவிடும். எக்ஸ்டென்ஷன் வயரை ஓட்டுநர் பக்கக் கதவின் சைடு மிரரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்ச் செருகினால், கதவைத் திறக்கும்போதே கண்ணில் படும்.

வாடகை வீடு பார்க்கும்போது, கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, அதன் மின்சாரம் வாடகையில் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வேலையிடத்திலும் அப்படியே. காலையில் சூடாகக் கிளம்பி, மாலையில் உறைந்த இன்ஜினோடு போராடினால் பாதிப் பலன்தான்.

டீசலுக்கும் எலெக்ட்ரிக்குக்கும்...

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரிய வேண்டும். இன்ஜினே பனிக்கட்டியாக இருந்தால் அந்தச் சூடு கிடைக்காது. அதனால் டீசல் வண்டிகளுக்குப் பிளாக் ஹீட்டர் இன்னும் முக்கியம். ஆனால் ஒரு எல்லை உண்டு. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். டேங்கிலும் குழாயிலும் உறைந்த டீசலை பிளாக் ஹீட்டரால் இளக்க முடியாது. அதற்குக் குளிர்கால டீசல்தான் போட வேண்டும். லடாக்கில் ஓடும் வண்டிகளுக்காக, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாமல் ஓடும் சிறப்பு டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது இதனால்தான்.

எலெக்ட்ரிக் காரில் பிளாக் ஹீட்டர் கிடையாது. ஆனால் அதே யுக்தி அங்கேயும் உண்டு. சார்ஜரில் இருக்கும்போதே கிளம்பும் நேரத்தைக் காரில் குறித்து வைத்தால், பேட்டரியையும் உள்ளிருக்கையையும் சுவர் மின்சாரத்தில் சூடாக்கிக்கொள்ளும். சார்ஜ் செய்த பேட்டரி முழுக்கப் பயணத்துக்கு மிஞ்சும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இது வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். அங்கே எப்போதாவது உறைபனி விழும் அதிகாலைக் குளிருக்குச் சரியான ஆயிலும் நல்ல பேட்டரியும் போதும். ஆனால் குறும்பயணப் பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும். பால் வாங்க ஒரு முறை, காய் வாங்க ஒரு முறை, மருந்து வாங்க ஒரு முறை என்று மூன்று தடவை வண்டி எடுப்பதைவிட, மூன்றையும் ஒரே சுற்றில் முடித்தால் இன்ஜின் ஒரு முறைதான் சூடாக வேண்டியிருக்கும்.

வாங்கலாமா, வேண்டாமா?

காரில் ஏற்கெனவே ஹீட்டர் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு டைமர் வாங்கிப் போட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டியதுதான். புதிதாகப் பொருத்த வேண்டுமென்றால், கருவியும் கூலியும் சேர்த்துச் சில நூறு டாலர் ஆகலாம். மேலே பார்த்த கணக்கில் வாரம் 1.96 டாலர் என்றால், 15 வாரக் குளிருக்கு மிச்சம் 30 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. முழு 10 சதவீதமே கிடைத்தாலும் 70 டாலரை ஒட்டித்தான் வரும். பெட்ரோலை மட்டும் நம்பிப் பொருத்தினால், போட்ட பணம் திரும்பப் பல குளிர்காலம் ஆகும்.

ஆனால் மைனஸ் 32 டிகிரி காலையில் கார் கிளம்பாமல் போனால், ஒரு நாள் சம்பளம், இழுவை வண்டிச் செலவு, குளிரில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் குழந்தை எல்லாமே கணக்கில் வரும். கார் வெளியில் நிற்கிறது, குளிர் அடிக்கடி மைனஸ் 20-க்குக் கீழே போகிறது, தினமும் நகருக்குள் சின்னப் பயணம் என்ற மூன்றும் பொருந்துபவர்கள், கார் கட்டாயம் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே பொருத்திக்கொள்ளலாம். பெட்ரோல் மிச்சம் அதன் மேல் கிடைக்கும் கொசுறு. அந்தக் கொசுறு வேண்டுமென்றால் டைமரையும் சேர்த்து வாங்க வேண்டும்.